நாடு கடத்தப்பட்டவர் திரும்பி வந்து பிடிபட்டால்: தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியுமா?

பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் வேலை பார்த்த ஒருவர் நாடு கடத்தப்படுகிறார். பிறகு ஆவணம் இல்லாமல் திரும்பி வந்து, கிள்ளானில் பிடிபட்டு, சிறைத்தண்டனை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இனி ஒன்னும் பண்ண முடியாதா?" என்று அவர் குடும்பம் உங்களிடம் கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது ஓர் எண்: 14.

என்ன குற்றம்?

1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, வெளியேற்றப்பட்டவர் சட்டவிரோதமாகத் திரும்பி வந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பெர்மிட் இல்லாமல் நுழைந்ததாக 6-வது பிரிவில் குற்றம் சாட்டினால், அதே தண்டனையோடு 6 பிரம்படி வரை கிடைக்கலாம். பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் இதில் பிரம்படி கிடையாது.

14 நாள் ஏன் முக்கியம்?

தண்டனை விதித்த 14 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். கெடு தாண்டிவிட்டால், உயர்நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால்?

அப்போதும் வழி உண்டு. ஆனால் "நான் குற்றவாளி இல்லை" என்று வாதாட முடியாது. தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டுமே வாதாடலாம்.

மேல்முறையீடு செய்தால் தண்டனை நிற்குமா?

பிரம்படி தானாகவே நிற்கும். சிறை நிற்காது, அதை நிறுத்திவைக்கத் தனியாக மனு போட வேண்டும். இதில்தான் சிக்கல். தண்டனை சில மாதம்தான் என்றால், விசாரணை வருவதற்குள் அது முடிந்தே போய்விடலாம். இன்னொன்று: உயர்நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம்.

ஜெயித்த வழக்கு உண்டா?

2020 ஜூலையில், லங்காவி பகுதிக்குப் படகில் வந்த 27 ரோஹிங்யா அகதிகளின் பிரம்படியை அலோர் ஸ்டார் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்கள் அகதிகள், தொடர்ந்து குற்றம் செய்பவர்கள் அல்ல என்பது காரணம். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் அந்த வாதம் எடுபட்டது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பியவருக்கு "முதல் தடவை" என்ற வாதம் கைகொடுப்பது கஷ்டம். அதனால் ஏன் திரும்பி வந்தார் என்பதை ஆவணத்தோடு காட்டுவது இன்னும் முக்கியம்: சொந்த நாட்டில் ஆபத்தா, இங்கே மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்களா, யுஎன்எச்சிஆர் அட்டை உள்ளதா?

ஜெயித்தால் இங்கேயே தங்கலாமா?

அப்படி நினைத்துவிடாதீர்கள். மேல்முறையீடு தண்டனையைப் பற்றியது மட்டும்தான். நாட்டைவிட்டு வெளியேற்றுவது குடிநுழைவுத் துறையின் தனி நடவடிக்கை.

இப்போது என்ன செய்யலாம்?

தண்டனை தேதி, வழக்கு எண், எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்பதை இன்றே குறித்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால், கோலாலம்பூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள். 14 நாளில் சனி, ஞாயிறும் அடக்கம் என்றே கணக்குப் போடுங்கள்.