அடைக்கோழி வளர்ப்பு

முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, முட்டைகளின் மேல் அமர்ந்து குஞ்சு பொரிக்க முற்படும் பெட்டைக்கோழி அடைக்கோழி எனப்படுகின்றது. கொல்லைப்புறத்தில் மந்தையாக வளர்க்கப்படும் நாட்டுக்கோழிகளிடையே அடைக்கோழியையும் அதன் குஞ்சுகளையும் எங்கே, எவ்வாறு வைப்பது என்பது இவ்வளர்ப்பின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகும். பொரிக்கும் குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும் என்பது பெரும்பாலும் இதனைப் பொறுத்தே அமைகின்றது. கிராமங்களில் கொல்லைப்புறக் கோழிகளைப் பெரும்பாலும் பெண்களே பராமரிப்பதால், குஞ்சுகளின் இழப்பு அவர்களுடைய கைச்செலவுப் பணத்தின் இழப்பாகவும் அமைகின்றது.

அடை உணர்வு

மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியின் முன்பகுதி சுரக்கும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகும்போது கோழிக்கு அடை உணர்வு தோன்றுகின்றது. அப்பொழுது கோழி கூட்டை விட்டு எழ மறுக்கும். அருகில் சென்றால் இறகுகளைச் சிலிர்த்துக் கொத்த வரும். வயிற்றுப் பகுதியில் இறகுகள் உதிர்ந்து, தோலின் வெப்பம் முட்டைகளை நேரடியாகச் சென்றடையும்.

நாட்டுக்கோழிகளில் இவ்வுணர்வு மிகுதி. மாறாக, முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட வெள்ளை லெக்கார்ன் போன்ற இனங்களில் இது ஏறத்தாழ மறைந்துவிட்டது. நாட்டுக்கோழி ஒரு ஈட்டில் 10 முதல் 15 முட்டைகள் வரை இட்டபின் அடைக்கு அமர்வது வழக்கம்.

தனி இடத்தின் தேவை

மந்தை முட்டையிடும் கூட்டிலேயே அடைக்கோழியை விட்டுவைத்தால் பின்வரும் சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவதாக, பிற கோழிகள் அதே கூட்டில் நாள்தோறும் புதிய முட்டைகளை இடுகின்றன. இதனால் வெவ்வேறு வயதுடைய கருக்கள் கலந்துவிடும். முதல் குஞ்சுகள் வெளிவந்த ஓரிரு நாட்களில் தாய்க்கோழி அவற்றை அழைத்துக்கொண்டு கூட்டை விட்டு இறங்கிவிடுவதால், பிந்திய முட்டைகளிலுள்ள கருக்கள் குளிர்ந்து இறக்கின்றன. இரண்டாவதாக, இடத்துக்காக நடக்கும் சண்டையில் முட்டைகள் உடைகின்றன. மூன்றாவதாக, புதிதாகப் பொரித்த குஞ்சுகளைப் பிற கோழிகள் கொத்திக் கொல்வதுண்டு.

தவிர்க்க முடியாமல் மந்தைக் கூட்டிலேயே வைக்க நேர்ந்தால், அடை முட்டைகளில் கரிக்கோலால் குறியிட்டு, புதிய முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுதல் வேண்டும்.

அடை வைத்தல்

அடைக்கோழியை இரவில் இடம் மாற்றுவதே ஏற்றது. பகலில் மாற்றினால் அது பழைய கூட்டுக்கே திரும்ப முயலும். ஒதுக்கமான, இருள் சார்ந்த, காற்றோட்டமுள்ள மூலையில் கூடை, அகன்ற மண்சட்டி அல்லது மரப்பெட்டி வைக்கப்படுகின்றது. அடியில் மணலும் அதன்மேல் வைக்கோலும் பரப்பிக் குழிவாக அமைப்பர். புதிய கூட்டில் ஓரிரு நாட்கள் போலி முட்டைகளை வைத்து, கோழி நிலையாக அமர்ந்தபின் உரிய முட்டைகளை வைப்பது பாதுகாப்பானது. உடலின் அளவுக்கேற்ப 10 முதல் 12 முட்டைகள் வரை வைக்கலாம்.

சேர்த்து வைக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்கு மேற்படாதவையாக இருத்தல் நன்று. வெப்பம் மிகுந்த இடத்தில் வைத்தால், அடைக்கு முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும்.

அடைக்காலம் 21 நாட்கள். கோழி நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் மட்டுமே இறங்கி இரை தின்று, நீர் அருந்தி, எச்சமிட்டுத் திரும்பும். எனவே தீனியும் நீரும் கூட்டுக்கு அருகில், ஆனால் கூட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும். 7ஆம் நாள் இருளில் விளக்கொளியில் முட்டையைப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்திவலை போன்ற குருதி நாளங்கள் தெரியும், வளராதவற்றை நீக்கிவிடலாம்.

இடியோசையால் முட்டைகள் கெட்டுவிடும் என்ற நம்பிக்கையில், அடைக்கூட்டில் இரும்புத் துண்டு, கரித்துண்டு, மிளகாய் வற்றல் ஆகியவற்றை வைக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. இதற்கு அறிவியல் சான்று இல்லை.

தாயும் குஞ்சுகளும்

முட்டையின் மஞ்சள் கரு பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சின் வயிற்றுக்குள் ஈர்க்கப்படுவதால், குஞ்சுகள் முதல் இரண்டு நாட்கள் இரையின்றியும் உயிர் வாழும். முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. இதனைத் தாயின் சிறகே அளிக்கின்றது.

தாயையும் குஞ்சுகளையும் சில நாட்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது மரபான முறை. பஞ்சாரம் என்பது மூங்கில் முதலியவற்றால் இடைவெளி விட்டுப் பின்னப்பட்ட கவிகைவடிவக் கூடையாகும். இது காக்கை, பருந்து, பூனை ஆகியவற்றிடமிருந்து பகலில் காக்கின்றது. ஆனால் கீரிக்கும் பாம்புக்கும் இது தடையாகாது. இரவில் மூடிய கூடு இன்றியமையாதது. ஈரத்தால் இரத்தக் கழிச்சல் நோய் பரவும் என்பதால் தரை உலர்ந்திருத்தல் வேண்டும். நீர்த்தட்டு ஆழமற்றதாக இருத்தல் வேண்டும். ஆழமான தட்டில் குஞ்சுகள் மூழ்கி இறப்பதுண்டு.

நொய்யரிசி, உடைத்த கம்பு, கறையான் ஆகியவை மரபான குஞ்சுத் தீனிகள். முட்டையிடும் கோழிகளுக்கான கடைத்தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மந்தையின் தீனியிலிருந்து குஞ்சுகளைப் பிரித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்கரை ஊர்களில்

தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த கீழவைப்பார் போன்ற மீனவர் ஊர்களில் இரு செய்திகள் தனிக் கவனத்துக்குரியவை. உப்பிடாது உலர்த்திய மீன் கோழிகளுக்கு நல்ல புரத உணவு. ஆனால் உப்புக் கருவாட்டில் உப்பின் அளவு 10 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதுண்டு. கோழித் தீவனத்தில் அது அரை விழுக்காட்டைத் தாண்டலாகாது. கருவாட்டுக் கழிவைத் தின்ற குஞ்சுகள் கடுந்தாகம், நீர்க்கழிச்சல், வயிற்று வீக்கம் ஆகியவற்றுக்கு உள்ளாகி இறக்கக்கூடும். குடிநீர் உவராக இருப்பின் தீங்கு மேலும் மிகும். எனவே கருவாடு உலர்த்தும் களத்திலிருந்து குஞ்சுகளை விலக்கி வைத்தலும், நன்னீர் தருதலும் இன்றியமையாதவை.

நோய்த்தடுப்பும் பிரித்தலும்

நாட்டுக்கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழிப்பது வெள்ளைக் கழிச்சல் நோயாகும். இன்றைய உத்தராகண்டத்திலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரின் பெயராலும் இது அழைக்கப்படுகின்றது. முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குக் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்தும், 8 வாரங்களுக்குப் பின் ஊசி மருந்தும் இடப்படுகின்றன.

ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். பின்னர் மீண்டும் முட்டையிடும். அதுவரை குஞ்சுகள் தாயின் காவலில் மந்தையுடன் மேய்ந்து பழகியிருந்தால், பிற கோழிகளின் தாக்குதல் குறைவாக இருக்கும்.

அடை தெளிவித்தல்

குஞ்சு தேவைப்படாதபோது அடை உணர்வைப் போக்குவதற்காகக் கோழியை நீரில் முக்குதல், மூக்கில் இறகு செருகுதல் போன்ற வழக்கங்கள் உள்ளன. இவை கோழிக்குத் துன்பம் தருபவை. கம்பி வலையாலான, காற்றோட்டமுள்ள அடித்தளம் கொண்ட கூண்டில், தீனியும் நீரும் தந்து சில நாட்கள் வைத்திருந்தால் வயிற்றின் சூடு தணிந்து அடை தெளிந்துவிடும்.