மறைகுறியும் திறவுகோலும்

சொல்லின் வரலாறு சில வேளைகளிற் பொருளின் வரலாற்றையும் உடன் கொணரும். கல்முனைக் கடைத்தெருவிற் கணக்கெழுதுவோர் பூச்சியத்தைச் "சைபர்" என்பர். வடமொழிச் "சூனியம்" அரபியிற் "சிஃப்ர்" எனப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா புகுந்தது. அங்கே முதலிற் பூச்சியத்தையும், பின்னர் எண்ணுருக்களையும், ஈற்றில் மறைவெழுத்தையும் குறித்தது. "சைபர் குற்றம்" என்புழி வருவதோ கிரேக்க வழிவந்த பிறிதொரு சொல்.

மறைவெழுத்து யாது, யாததன்று எனத் தெளிதற்கு இக்கரை மக்கள் அறிந்த அரபுத் தமிழே தக்க சான்றாகும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி வந்தனர். அரபியில் இல்லாத தமிழொலிகளுக்கு, உள்ள எழுத்துகளிற் புள்ளியும் குறியும் கூட்டினர். கீழக்கரைச் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினார். இதனை மறைவெழுத்து எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது. குர்ஆன் ஓதப் பயின்ற தமிழர் எவரும் இதனைப் படிக்கலாம். தமிழெழுத்து அறியாதார்க்கும் தாய்மொழி நூலைத் திறந்து வைத்த எழுத்து இது.

இவ்வாறு பொதுவிதியால் உருமாற்றுவது குறியாக்கம் எனப்படும். திறவுகோல் உடையார்க்கன்றி விளங்காதவாறு மாற்றுவதே மறைகுறியாக்கம். எழுத்துக்கு எழுத்து மாற்றுவது மட்டும் காவலாகாது. ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, மொழியில் மிகுதியாய்ப் பயிலும் எழுத்தை மறைகுறியில் மிகுதியாய் வரும் குறியோடு பொருத்தி, மறையை வெளிப்படுத்தும் வழியை எழுதிவைத்தார். முறை பகைவர் கைப்படினும் திறவுகோல் கைப்படாதவரை மறை நிலைத்தல் வேண்டும் என 1883இற் கெர்க்கோஃப்சு வலியுறுத்தினார். 2001இல் அமெரிக்கா ஏற்ற ஏ.ஈ.எஸ். என்னும் முறை எவரும் கற்க வெளியிடப்பட்டதே. மறைவது திறவுகோல் மட்டுமே. அதன் மிகச் சிறிய அளவாகிய 128 பிட்டில் அமையக்கூடிய திறவுகோல்களின் தொகை 39 இலக்கம் கொண்டது.

இனி, வலையமைப்பிற் கோப்புப் பகிர்வை நோக்குவோம். ஒரு கணினியிலுள்ள கோப்பைப் பிற கணினிகள் தம்முடையது போலத் திறப்பதே அது. ஒரு கல்லூரி தன் மாணவரின் புள்ளிப் பட்டியலை அவ்வாறு பகிர்கின்றது என்க. யார் திறக்கலாம் என வரையறுப்பது அணுகல் அனுமதி. அது வாயிற்காவலனை ஒப்பது. வட்டைக் கழற்றிச் செல்வோன் வாயில் வழியே வாரான். வழியிற் செல்லும் தரவுக்கு ஒரு மறைகுறியாக்கமும், வட்டில் உறையும் தரவுக்கு மற்றொன்றும் வேண்டும். மைக்ரோசாஃப்டின் பகிர்வு நெறிமுறையில் முன்னது 2012இற் சேர்ந்தது. அது வட்டைக் காவாது.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே உள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947), தமிழிற் கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்தவர். அவ்வுழைப்பின் பயன் ஈண்டு விளங்கும். குறியாக்கத்தை மறைகுறியாக்கம் என்றும், அனுமதியைப் பூட்டு என்றும் மயங்குவோர், திறந்த பெட்டியைப் பூட்டியதாக எண்ணி உறங்குவர். தெளிந்த சொல்லே முதற் காவல்.