இருப்புப்பாதையும் மேய்ச்சல் வழியும்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையை நாம் பெரும்பாலும் யாத்திரிகர் கண்கொண்டே பார்த்து வந்திருக்கிறோம். திருமலை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதே நம் ஆவல். பாதையோரம் ஆடுமாடுகளை மடக்கி நிறுத்தி, வண்டி கடக்கும்வரை காத்து நிற்கும் மேய்ப்பவரை நாம் பொருட்படுத்துவதில்லை. அவருக்கும் இப்பாதைக்கும் உள்ள வழக்கோ நூறாண்டுக்கு மேற்பட்டது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே மீட்டர் அளவுப் பாதை அமைத்தனர். அந்நாளில் சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம். சித்தூர் ஜில்லா தோன்றியது 1911இல்தான். பாதை வந்ததும், பல ஊர்களில் வீடு ஒருபுறமும் மேய்ச்சற் கரடு மறுபுறமுமாயின. மாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய தடமே.

1890ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டம் இந்நிலைமையை அறியாததன்று. நிலத்தின் பயன் பாதையால் தடைப்படுமிடத்தில் கடவை, பாலம், மதகு முதலியவற்றை ரயில்வே நிர்வாகமே அமைத்துத் தரவேண்டும் என்று அதன் 11ஆம் பிரிவு விதித்தது. ஆனால் அதிலேயே ஒரு வரம்பும் இருந்தது. பாதை பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கழிந்தபின், புதிதாக வேண்டப்படும் வழிக்கு நிர்வாகம் செலவு செய்யக் கடமைப்பட்டதன்று. வேண்டுவோர் தம் செலவிலேயே அமைத்துக்கொள்ளலாம். நிலம் பாகமாவதும், புதுக்கிணறு வெட்டப்படுவதும், தரிசு கழனியாவதும் பத்தாண்டில் முடிந்துவிடும் காரியங்களா? சந்திரகிரிப் பக்கத்துக் குடியானவருக்கு அந்தத் தவணை, புதிய நூற்றாண்டு பிறந்த சிறிது காலத்திலேயே தீர்ந்துபோயிற்று.

தண்டனையைக் கூறியது 125ஆம் பிரிவு. கால்நடை புகாதபடி தக்க வேலியிட்ட பாதையில் அது திரிந்தால், தலை ஒன்றுக்கு 5 ரூபாய் வரை அபராதம். வேண்டுமென்றே ஓட்டிவிட்டால் 10 ரூபாய் வரை. ஐம்பது ஆடு மேய்ப்பவனுக்கு முதற்கணக்கே 250 ரூபாய் வரை ஏறும். அக்காலத்தில் அது மந்தையையே விற்கச் செய்யும் தொகை. இதற்கு மேல் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி பட்டியில் அடைக்கும் கட்டணமும் உண்டு. ஆந்திரர் 'பந்தெல தொட்டி' என்று சொல்வது இந்தப் பட்டியைத்தான். ரயில்வே ஊழியரே மாட்டைப் பிடித்து அங்கு அனுப்பலாம். அச்சட்டத்தின் 'கால்நடை' என்ற சொல்லில் யானையும் ஒட்டகமும் அடக்கம் என்பது சற்றே வேடிக்கை. யானையைப் பட்டிக்கு ஓட்டிச் செல்லும் ஊழியரை எண்ணிப் பாருங்கள்.

'தக்க வேலியிட்ட பாதை' என்ற சொற்களை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வேலி இல்லாத இடத்தில் தானே திரிந்த மாட்டுக்காக 5 ரூபாய் அபராதம் பொருந்தாது. வேலியோ எங்கும் கட்டாயமன்று. அரசாங்கம் பணித்தால்தான் கம்பெனி இடவேண்டும். ஆகவே முள்வேலி முடிந்த இடத்தில் குடியானவனுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அதை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ஆளில்லாத கேட்டுகளின் கதை வேறு. அகலப்பாதைகளில் அவை 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டன. உயிர்ச்சேதம் குறைந்தது பெரும் நன்மையே. எனினும் அவற்றிற்கு மாற்றாக வந்த சுரங்கப் பாதைகள் பலவற்றில் மழைக்காலத்தில் நீர் தேங்குகிறது. அதில் இறங்க மாடு மறுக்கிறது. வண்டிகளின் வேகமும் கூடியுள்ளது. 2022 அக்டோபரில் குஜராத்தில் எருமைகள் மோதி வந்தே பாரத் வண்டியின் முகப்பு உடைந்தபின், மும்பை–ஆமதாபாத் மார்க்கத்தில் வேலி எழுப்பப்பட்டது. அத்தகைய வண்டியொன்று 2023 ஏப்ரலில் செகந்திராபாத்திலிருந்து திருப்பதிக்கும் ஓடத் தொடங்கிற்று. வேகம் கூடக்கூட வேலி நீளும்; வேலி நீளுமிடத்தில் மந்தைக்கு வழி எது என்ற கேள்வியும் உடன் எழும். அதற்குரிய விதி இன்று 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இருக்கிறது. பத்தாண்டு வரம்பும் அதில் அப்படியே இருக்கிறது.