மூச்சும் ஊதியமும்

கோலார் தங்கவயலில் பாறையைத் துளைத்தோரிற் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர். அவர்கள் சுவாசித்த பாறைத் தூள், பல ஆண்டுகள் கழித்து ‘சிலிகோசிஸ்’ என்னும் நுரையீரல் நோயாக வெளிப்பட்டது. 1940 முதல் 1946 வரை பரிசோதிக்கப்பெற்ற 7,653 தொழிலாளரில் 43.7 சதவீதத்தினரிடம் அந்நோய் காணப்பட்டது.

உழைக்கும் வலிமை போனபின் குடும்பத்திற்கு வருவாய் ஏது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிரந்தர ஊனத்திற்கு ஒரே மொத்தத் தொகையை விதித்தது. 1948ஆம் ஆண்டு ஊழியர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டமோ, வேலையால் நிரந்தர ஊனமுற்றவருக்கு ஆயுள் முழுவதும் தவணைதோறும் பணம் கிடைக்கச் செய்தது. ஆயினும், அச்சட்டம் வகுத்த ‘தொழிற்சாலை’ என்னும் சொல்லில் சுரங்கம் அடங்கவில்லை.

2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவை புகட்டும் பாடம் ஒன்றுண்டு, நேயர்களே: மொத்தத் தொகை செலவாகிவிடும், மூச்சிரைப்போ உயிருள்ளவரை நீடிக்கும். இழந்த ஊதியத்திற்கு ஈடு, திங்கள்தோறும் வரும் ஊதியமே.