மணக்கோலம் காத்த ஜூம் லென்ஸ்

நம் இல்லங்களில் பேணி வைத்திருக்கும் திருமணப் படங்களைக் காணுந்தோறும் மணமக்களை நினைக்கின்றோம். படம் பிடித்தவரையும் நினைப்பதுண்டு. அவர் கருவியில் பூட்டியிருந்த லென்சை நினைப்பார் சிலரே. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

முன்னாளில் புகைப்படக்காரர் இரண்டு மூன்று லென்சுகளைச் சுமந்து செல்வார். சபை முழுவதும் அடங்க 35 மி.மீ., பொதுக் காட்சிக்கு 50, முகத்தை மட்டும் எடுக்க 85. ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும்! இக்குறையைப் போக்க வந்ததே ஜூம் லென்ஸ். உள்ளிருக்கும் கண்ணாடி வில்லைகள் முன்னும் பின்னும் நகர, நின்ற இடத்திலிருந்தே காட்சி விரியும், அல்லது நெருங்கும்.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிராங்க் பாக் இத்துறையின் முன்னோடி. அவர் வடிவமைத்த ‘ஜூமார்’ லென்சை ஜெர்மானிய நிறுவனமான வாய்க்ட்லெண்டர் 1959-இல் வெளியிட்டது. 36 முதல் 82 மி.மீ. வரை செல்லும் அதுவே 35 மி.மீ. பிலிம் கருவிகளுக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ். ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 1963-இல் 43–86 மி.மீ. லென்சையும், 1987-இல் தொழிலாளர் கைக்கு ஏற்ற 35–70 மி.மீ. எஃப் 2.8 லென்சையும் தந்தது. பின்னர் 1999-இல் 28–70, 2007-இல் 24–70 என எல்லை விரிந்தது.

எஃப் 2.8 என்பதன் பொருள் யாது? துளை எஃப் 5.6 ஆகச் சுருங்கும் மலிவு லென்சைவிட நான்கு மடங்கு ஒளி புகும் என்பதே. பகலிலும் விளக்கெரியும் தாராவி வீடுகளுக்கு இது பெரும் பேறன்றோ! பின்னோக்கி நகர இடமில்லாத சிற்றறையில் 35 மி.மீ. காட்டும் 63 பாகைக் காட்சி, 24 மி.மீ.யில் 84 பாகையாக விரிகிறது. புதியது வரப் பழையது நின்றதன் காரணமும் இதுவே. 35–70, 28–70 ஆகிய இரண்டின் உற்பத்தியும் நின்று ஆண்டுகள் பல ஆயின.

நிற்க. லென்ஸ் மறைந்தால் மற்றொன்று வரும். அது எடுத்த படம் மறைந்தால் மீண்டும் வாராது. பம்பாய் மழைக்கால ஈரம் லென்சின் கண்ணாடியிலும் பிலிமிலும் ஒருசேரப் பூஞ்சையைப் படர விடுகிறது. அன்றியும், 2004-இல் அரசு தொடங்கிய தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நம் சந்துகளின் தோற்றத்தையே மாற்ற முனைந்துள்ளது. தொண்ணூறு அடிச் சாலையில் நாம் வைத்த பொங்கற் பானைகளும், வாசலில் நின்ற மணக்கோலமும் இனி அப்படங்களில் மட்டுமே வாழக்கூடும்.

ஆதலின், அன்பர்களே, பழைய நெகட்டிவ்களை ஈரம் புகாத டப்பாவில் இட்டு வையுங்கள். படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் மெல்லப் பென்சிலால் எழுதுங்கள். பிரதியெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஊர் விட்டு வந்து நாம் இங்கு வாழ்ந்தோம் என்பதற்கு அவையே சான்று.