சிபில் கார்த்திகேசு

சிபில் கார்த்திகேசு (1899–1948): மலாயாவின் செவிலியர், மருத்துவச்சி, ஜப்பானியரை எதிர்த்து நின்ற தாய். சுமத்ராவின் மேடான் நகரில் யூரேசியக் குடும்பத்தில் பிறந்தார். இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவை 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் ஆலயத்தில் மணந்தார். அதே ஆண்டு பிறந்த தலைமகன் ஒரு நாள்கூட உயிர் தரிக்கவில்லை. அந்தத் துயருக்குப் பின் ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். பின்னர் இரு பெண்கள் பிறந்தார்கள்.

ஈப்போ புருஸ்டர் சாலையில் தம்பதியர் மருத்துவகம் நடத்தினர். கண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசிய சிபிலிடம் சீனத் தாய்மார்கள் உரிமையோடு வந்தார்கள். ஜப்பானியர் படையெடுத்துப் போர் மூண்டதும் பாப்பான் சிற்றூருக்குப் பெயர்ந்தனர். அங்கே 74ஆம் எண் கடைவீட்டில், ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுக் காயம்பட்ட கொரில்லாக்களுக்கு இரவில் ரகசியமாக மருத்துவம் நடந்தது; ஒளித்து வைத்த வானொலியில் பிபிசி ஒலித்தது.

1943இல் ஜப்பானியர் அவரைக் கைது செய்தனர். சிறுமியான இளைய மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினார்கள். அப்போதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவரைத் தாங்கியது கத்தோலிக்க விசுவாசம். அதை அவரே எழுதியிருக்கிறார். வீரத்துக்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றார். சித்திரவதைக் காயங்களின் விளைவால் 1948 ஜூன் 12 அன்று பிரிட்டனில் காலமானார். உடல் பின்னர் ஈப்போவில் அடக்கம் செய்யப்பட்டது. அவரது நினைவுக்குறிப்பு நூல் 1954இல் வெளிவந்தது.