ஜெரெஜாக் தீவும் தோட்டக் காய்ச்சலும்

பினாங்கின் கீழ்க்கரையை ஒட்டிக் கிடப்பது ஜெரெஜாக் தீவு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர் பலர் முதலில் மிதித்த மலாயா மண் இதுவே. காலராவும் பெரியம்மையும் கரையேறாதிருக்க அவர்களை அங்கே நிறுத்திவைத்தனர். அக்காவல் வீணென்று கூறுவதற்கில்லை. ஆயின், தோட்டத்திலே காத்திருந்த மலேரியாவைத் தடுத்து நிறுத்தியவர் யார்? நோய் கொணர்வார் என ஐயுறப்பட்டவரே அங்கு நோய்க்கு இரையாயினர்!

மலேரியாக் கிருமி கொசுவினுள் வளர்வதை 1897இல் ரொனால்ட் ராஸ் கண்டார். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தும் காட்டினார். வழி தெரிந்த பின்னரும் தோட்டந்தோறும் வடிகால் வெட்டப்படவில்லை; அதற்குப் பணம் வேண்டுமன்றோ? 1918இல் இன்ஃபுளூயன்சா பரவியபொழுது, மலாயாவில் இந்தியத் தொழிலாளரிடையே சாவு மிகுந்திருந்தது.